எரிக்கக்கூடாத குச்சிகள்

மரியாமா தலைக்கவசத்தைக் கழற்றினார். கையில் இருந்த பிளாஸ்ரிக் பிடியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மணமே இல்லையே," என்றார்.

அவர் பேசியது ஆங்கிலத்தில். இந்த வாரப் பத்தி முழுக்க அவர் பேசுவதை நான் தமிழில்தான் எழுதப்போகிறேன். அவருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். நாட்டின் பெயரை எழுதவே போவதில்லை. அரசாங்க வேலையில் இருப்பவர், என்னுடைய வாய்க்கொழுப்பால் அவருக்கு ஒன்றும் நேரக்கூடாது.

இடம் ரொறன்ரோவில் மில்லிக்கன். ஸ்ரீல்ஸ் வீதியை ஒட்டிய ஒரு பிளாசா. முன்பக்கம் இடியப்பக் கடையும் நகைக் கடையும். பின்பக்கம், சாமான் இறக்கும் கதவுகள் வரிசையாக இருக்கும் இடத்தில், என் மைத்துனன் ரகுவின் கொம்பனி. மாசி மாதம். வெளியே உப்புப் போட்டுக் கறுத்த பனி. உள்ளே, மேற்கு ஆபிரிக்க நாடு ஒன்றிலிருந்து வந்த அரசாங்கக் குழு, ரொறன்ரோவில் இறங்கிய கையோடு வாங்கிய தடித்த கோட்டுகளைக் கழற்றாமல் கதிரைகளில் இருந்தது. வெல்டிங் மணம் இல்லையே தவிர, இடியப்பக் கடையிலிருந்து சம்பல் மணம் தாராளமாக வந்துகொண்டிருந்தது.

ரகு விற்பது வெல்டிங் சிமுலேற்றர். தலைக்கவசத்தைப் போட்டால் கண்ணுக்கு முன்னால் சின்னத் திரை. கையில் பிளாஸ்ரிக் பிடி. திரையில் இரும்புத் தகடு தெரியும், பிடியை நகர்த்தினால் நெருப்பு தெரியும், முடிந்ததும் கணினி புள்ளி போடும். சூடு இல்லை, புகை இல்லை, இரும்பும் இல்லை. கணினி விளையாட்டு என்று சொன்னால் ரகுவுக்குக் கோபம் வரும். ஆனால் அது கணினி விளையாட்டுத்தான். புதிதாகப் பழகுகிற பிள்ளைக்குக் கையை எந்தச் சரிவில் பிடிப்பது என்று காட்டலாம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மரியாமாவுக்குக் கணினி போட்ட புள்ளியைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். ரகு எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினான்.

கோபக்கார மாஸ்ரர்

போன கிழமை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார்: "மாஸ்ரர், உங்களுக்கு ஏன் எல்லாத்திலையும் இவ்வளவு கோவம்?" பிள்ளை, இந்தக் கிழமையையும் வாசித்துவிட்டு எடுங்கோ.

இந்தத் தொடரைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வரி. நான் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் வெல்டிங் படித்து, இங்கே வந்து தொழிற்சாலைகளில் இரும்பு ஒட்டி, பிறகு ஒரு கல்லூரியில் பின்னேர வகுப்புகளில் வெல்டிங் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ரகு என் மனைவி வதனாவின் தம்பி. வாயால் வீடு கட்டக்கூடியவன். ஸ்ரௌவ்வில்லில் ஒன்று கட்டியும் விட்டான்.

அவன் என்னை அங்கே கூப்பிட்டது இப்படித்தான்:

"அத்தான், நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. உங்கடை பழைய லெதர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு மிசினுக்குப் பக்கத்திலை நிண்டால் காணும்."

"நான் என்ன, கடை வாசல் பொம்மையே?"

"மாஸ்ரர் ஒருத்தர் நிண்டால் அவைக்கு ஒரு நம்பிக்கை, அத்தான்."

வதனா குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். "இஞ்சேருங்கோ, ஒருநாள்தானே. போய் நிண்டிட்டு வாங்கோ. உவனோடை கொழுவாதேங்கோ."

போய் நின்றேன். நின்றதால்தான் மரியாமா என்னிடம் வந்தார்.

வந்திருந்த குழுவில் நிதி அமைச்சின் ஆள், திட்டமிடல் ஆள், கொள்முதல் ஆள், கல்வி அமைச்சின் துணை இயக்குநர், அவருடைய செயலாளர் என்று பலர். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் தொழில் படிப்பிக்கும் அரசாங்கக் கல்லூரிகளுக்கு என்ன வாங்குவது என்று பார்க்க வந்தவர்கள். அதில் வகுப்பில் நின்று படிப்பிப்பவர் மரியாமா ஒருவர்தான். அவரைக்கூடக் கடைசி நேரத்தில்தான் சேர்த்தார்களாம். ஆசிரியர் ஒருவரும் இல்லாமல் ஆசிரியர் பயிற்சிப் பயணம் என்று எழுதினால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று பயம் வந்திருக்கிறது.

"நான் கேட்டது வெல்டிங் ரொட்," என்றார் மரியாமா. "அவர்கள் எனக்கு ரொறன்ரோவைக் காட்டுகிறார்கள்."

வெல்டிங் ரொட் என்பது நெருப்பில் தானும் உருகி இரும்பையும் ஒட்டுகிற மெல்லிய குச்சி. எங்கள் பட்டறைகளில் குச்சி என்றே சொல்வோம். அது இல்லாமல் வெல்டிங் படிப்பிப்பதும், அரிசி இல்லாமல் சோறு சமைக்கப் படிப்பிப்பதும் ஒன்று. அவருடைய கல்லூரியில் போன மழைக்கு முன்பே குச்சி முடிந்துவிட்டது. நெருப்பு மூட்டும் வெல்டிங் பிளான்ற் இயந்திரம் இருக்கிறது, கரண்ட்டும் அரைநாளாவது இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். எரிக்கக் குச்சி இல்லை. அவர் கரும்பலகையில் நெருப்பை வரைந்து காட்டுகிறாராம்.

எனக்கு அப்போதே காது சூடாகத் தொடங்கிவிட்டது.

ஸ்ரௌவ்வில் விருந்து

மத்தியானம் ரகு வீட்டில் விருந்து. புது வீடு. மரமே இல்லாத தெருவில் ஒரே நிறத்தில் வீடுகள். உள்ளே நுழைந்ததும் மாடிப்படிக்கு வளைந்து வளைந்து போகும் இரும்புக் கைபிடி.

அந்தக் கைபிடியைப் பார்த்தாலே எனக்கு ஒரு அன்ரியின் ஞாபகம் வரும். நான் பின்னேர வகுப்பு எடுத்த காலத்தில் அவவின் மகன் என்னிடம் படித்தான். நல்ல கை. அவ கல்லூரிக் கார் நிறுத்துமிடத்தில் என்னை மறித்து, "மாஸ்ரர், உவனை எப்பிடியாவது வேறை கோர்ஸுக்கு மாத்தி விடுங்கோ. பிள்ளை வெல்டிங் படிக்குது எண்டு ஒருத்தருக்கும் சொல்லேலாமல் கிடக்கு," என்றா. சில வருடம் கழித்து அதே அன்ரி புது வீடு வாங்கினா. மாடிப்படிக்கு இப்படி ஒரு கைபிடி வேண்டும், நல்ல வெல்டராகப் பார்த்துச் சொல்லுங்கோ, தமிழ் ஆளாக இருந்தால் நல்லது என்று எனக்கே தொலைபேசி எடுத்தா. தமிழ் ஆளுக்கு நான் எங்கே போவேன்? இருந்த ஒருவனையும் அவவே மாற்றிவிட்டா.

ஆபிரிக்காவைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு எங்கள் ஆட்களைத் திட்டுகிறேன் என்று நினைக்கக்கூடாது. இரண்டும் ஒரே வியாதி. கையால் செய்கிற வேலை எல்லோருக்கும் வேண்டும், அந்தக் கைக்குச் செலவழிக்க ஒருவருக்கும் மனமில்லை.

சாப்பாட்டு மேசையில் கொத்துரொட்டி, ஆட்டிறைச்சி, இறால் பொரியல். துணை இயக்குநர் என் பக்கத்தில் இருந்தார். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. ஆள் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மரியாமா எதிரில் இருந்து, பீங்கானைத் தொடாமல், நேராகவே கேட்டார்.

"ஐயா, இந்த இயந்திரம் ஒன்றின் விலைக்கு என் கல்லூரிக்கு எத்தனை வருடக் குச்சி வாங்கலாம்?"

செயலாளர் சிரித்தார். "மேடத்துக்கு இன்னும் நெருப்போடு விளையாட ஆசை," என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். ரகுவும் சிரித்தான். நான் மேசைக்குக் கீழே அவன் காலை உதைத்தேன். செருப்புப் போட்டிருந்தால் இன்னும் நன்றாகப் பட்டிருக்கும்.

துணை இயக்குநர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி விளங்கப்படுத்தினார்.

"எங்கள் அரசாங்கத்தில் கல்விக்கு இரண்டு பைகள். ஒன்று கட்டடம், இயந்திரம் வாங்கும் பை. மற்றது ஒவ்வொரு வருடமும் எரிந்து முடிகிற செலவுகளின் பை. முதல் பையில் கேட்டால் தருவார்கள். அமைச்சர் வருவார், ரிப்பன் வெட்டுவார், படம் பத்திரிகையில் வரும். இரண்டாவது பை ஆசிரியர் சம்பளத்தோடு காலி. அதில் குச்சி கேட்டால், போன வருடம் தந்தோமே, அதைக் காட்டு என்பார்கள். எரித்ததை எப்படிக் காட்டுவது?"

இலங்கை அரசாங்கக் கந்தோர்களில் இதற்கு மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு என்று பெயர். எல்லா நாட்டிலும் மீண்டெழும் செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டினால் உடனே ஒன்றும் இடிந்து விழாது. கட்டடம் நிற்கும், பெயர்ப்பலகை நிற்கும், பிள்ளைகள் வரிசையாக வந்து போவார்கள். உள்ளே படிப்பு மட்டும் இருக்காது.

"அதனால்தான் இந்த இயந்திரம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது," என்றார் அவர். "ஒருமுறை வாங்கினால் போதும். ஒன்றையும் எரிக்க வேண்டியதில்லை."

ரகு தலையை ஆட்டினான். அவனுடைய விளம்பரத் தாளில் முதல் வரியே அதுதான்.

பிறம்ரனில் ஒரு பின்னேரம்

அடுத்த நாள் குழுவை நீர்வீழ்ச்சி பார்க்கக் கூட்டிப்போனார்கள். மரியாமா தலையிடி என்று ஹோட்டலில் நின்றுவிட்டார். நான் காரை எடுத்துக்கொண்டு போய் அவரை ஏற்றினேன். தலையிடி உடனே சுகமாகிவிட்டது.

பிறம்ரனில் குலத்தின் பட்டறைக்குப் போனோம். குலம் என்னிடம் படித்தவன். லொறிகளின் பின்பெட்டிகளைத் திருத்துகிற தொழில். கூடத்துக்குள் நுழைந்ததும் மரியாமா நின்று மூச்சை இழுத்தார். கிரைண்டர் தூசியும் எரிந்த பெயின்ற்றும் வெல்டிங் புகையும் சேர்ந்த மணம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், குளித்துவிட்டுக் கிட்ட வா என்று வீட்டில் சொல்வார்கள். அவர் கண்ணை மூடி அதை அனுபவித்தார்.

குலம் ஒரு பழைய தகட்டையும் ஒரு பிடி குச்சியையும் கொடுத்தான். அவர் கோட்டைக் கழற்றி, கையுறை போட்டு, கவசத்தை ஒரு தலையசைப்பில் முகத்துக்கு இறக்கினார். குச்சி தகட்டில் உரசியது. நெருப்பு பிடித்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். நல்ல கையாக இருந்தால் தாச்சியில் எண்ணெய் அளவான சூட்டில் பொரிவது மாதிரி ஒரே சீராகக் கேட்கும். தொடக்கத்தில் இரண்டு தரம் தடுமாறியது. பிறகு சீரானது.

மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தால், ஒட்டு அடுக்கி வைத்தது போல ஒழுங்கு.

குலம் என் காதில், "மாஸ்ரர், இவவை இஞ்சை வேலைக்கு விடுவினமோ? நான் நாளைக்கே எடுப்பன்," என்றான்.

அவருக்கு மொழிபெயர்த்தேன். சிரித்தார். கண் சிவந்திருந்தது. நெருப்பைப் பார்த்துக் கண் எரிந்தால் உங்கள் நாட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "உருளைக்கிழங்கு வெட்டி வைப்போம்," என்றார். எங்கள் கல்லூரி விடுதியிலும் அதேதான். குசினிக்காரரிடம் கிழங்கு திருடி அடி வாங்கியவர்கள் நாங்கள்.

பிறகு கோப்பியை வைத்துக்கொண்டு அவர் சொன்ன கதை பகிடி இல்லை.

அவருடைய நகரத்தில் துறைமுகம் கட்டும் கொம்பனி ஒன்று வெல்டர்களை எடுக்க வந்திருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் என்று ஒப்பந்தம். சோதனை எளிமையானது. இரண்டு தகட்டை ஒட்டு, அதை வளைத்துப் பார்ப்போம், ஒட்டில் வெடிப்பு விழாவிட்டால் வேலை. போன வருடம் படிப்பு முடித்த பிள்ளைகள் எல்லோரும் சான்றிதழோடு போனார்கள். எல்லோருடைய தகடும் வெடித்தது.

"கொம்பனி என்ன செய்தது?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வெல்டர்களைக் கொண்டுவந்தது. உங்களைப் போலவே பேசுகிறவர்கள். திருச்சி என்று ஓர் ஊராம்."

அந்தத் திருச்சிப் பையன்களில் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் தங்கள் வயிற்றுக்காகப் போனவர்கள். ஆனால் தன் பிள்ளைகளுக்குக் குச்சி வாங்கிக்கொடுக்க மனமில்லாத ஓர் அரசாங்கம், விமானத்தில் ஆள் வந்து இறங்குவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் துறைமுக வாசலில் இப்போது வெல்டர்களுக்குத் தேநீர் விற்கிறார்களாம். வெல்டிங் சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளைகள்.

"இந்த வருடமும் கொம்பனி வரும்," என்றார் மரியாமா. "என் வகுப்பில் ஒருவர்கூட இதுவரை நெருப்பு மூட்டியதில்லை."

என் மூளை வேலை செய்தது

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் லொறிகளுக்கு நடுவில் எனக்கு யோசனை வந்தது. இங்கே ஊருக்குப் பெட்டி அனுப்பாத தமிழ் வீடு இல்லை. பெட்டி கட்டுகிற எவருக்கும் தெரியும்: தனியாக அனுப்பினால் கேள்வி வரும் சாமானை, கேள்வி வராத பெரிய சாமானோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

ரகுவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"டேய், உன்ரை சிமுலேற்றரோடை வெல்டிங் ரொட்டும் சேத்து அனுப்பு. துணைப்பாகம் எண்டு எழுது. மிசினோடை சேந்த சாமான். எல்லாம் முதல் பையிலையே போகும்."

ரகு யோசித்தால் எனக்கு இங்கேயே கேட்கும்.

"அப்ப ஓடரும் பெருக்கும் என்ன, அத்தான்?"

"பெருக்கும்."

"நீங்கள் யாவாரத்துக்கு வந்திருக்க வேண்டிய ஆள், அத்தான்."

துணை இயக்குநருக்கு நானே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தானும் ஒரு காலத்தில் மரவேலை ஆசிரியராக இருந்தவர் என்றார். "இதை ஏன் நாங்கள் யோசிக்கவில்லை?" என்று செயலாளரைப் பார்த்தார். செயலாளர் எழுதிக்கொண்டார். போகும்போது மரியாமா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொள்கலன் கப்பல் ஏறியது. நான் சில நாட்கள் வீட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வதனாகூட என்னை மரியாதையாகப் பார்த்தாள். அது அடிக்கடி நடப்பதில்லை.

இலக்கம் போட்ட பெட்டிகள்

இங்கே பனி உருகி, மரங்கள் துளிர்த்து, ரகு பின்வளவில் இறைச்சி வாட்டி வாட்டிச் சாப்பிடத் தொடங்கிய காலத்தில், மரியாமாவிடமிருந்து என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது.

ஒரு களஞ்சிய அறை. பலகைத் தட்டுகளில் வெல்டிங் குச்சிப் பெட்டிகள். நாங்கள் அனுப்பியவைதான். ஒவ்வொரு பெட்டியிலும் வெள்ளைப் பெயின்ற்றில் ஓர் இலக்கம்.

உடனே எடுத்தேன். "ஏன் இலக்கம்?"

"சொத்து," என்றார். "முதல் பையில் வாங்கியதெல்லாம் அரசாங்கச் சொத்து. இயந்திரத்தின் துணைப்பாகமும் சொத்து. வருடத்துக்கு ஒருமுறை வந்து எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். அதனால் எரிக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்."

எனக்கு விளங்கச் சில விநாடிகள் எடுத்தன. விளங்கியதும் சமையலறை மேசையில் ஓங்கி அடித்தேன். தேநீர் சிந்தியது. வதனா துணி எடுத்து வந்தாள்.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் யாழ்ப்பாணக் கல்லூரியில் கால் முறிந்த கதிரைகளை ஓர் அறையில் கூரைவரை அடுக்கி வைத்திருந்தார்கள். எறிய முடியாது, இலக்கம் இருக்கிறது. எண்ண வருகிறவர் வாசலில் நின்று எட்டிப்பார்த்து, சரி என்று போட்டுவிட்டுப் போவார். நாங்கள் நின்றுகொண்டு பாடம் கேட்போம். அரசாங்கம் என்றால் என்னவென்று தெரிந்துதானே வளர்ந்தேன். பெட்டி கட்டுகிற கெட்டித்தனத்தில் மறந்துபோனேன்.

துணை இயக்குநருக்கு எடுத்துக் கத்தினேன். ஒரு வெளிநாட்டு அதிகாரியோடு அப்படிப் பேசக்கூடாதுதான். பேசினேன். குச்சியை அடைகாக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். மழை வந்தால் ஈரம் குடித்து, பூச்சு உதிர்ந்து, விறகுக்கும் உதவாமல் போகும் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "துணைப்பாகம் என்று எழுதச் சொன்னது நீங்கள். துணைப்பாகத்தை எரிக்க நான் எப்படிக் கையெழுத்து வைப்பது? எரிப்பதென்றால் இரண்டாவது பை."

"அந்தப் பையில் ஒன்றும் இல்லையே."

"இல்லை," என்றார்.

அவருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இருவரும் தொலைபேசியை வைத்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சிமுலேற்றர் அறைக்குக் குளிரூட்டி போட்டிருந்தார்கள். அமைச்சர் ரிப்பன் வெட்டிய படம் வந்திருந்தது. படத்தில் அமைச்சர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். அதே கட்டடத்தின் மற்றப் பக்கத்தில் குச்சி இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், நடுவில் ஒரு பூட்டு.

எண்ணிக்கை சரி

பிறகு மரியாமாவிடமிருந்து கொஞ்சக் காலம் செய்தி இல்லை. நானும் எடுக்கவில்லை. எந்த முகத்தோடு எடுப்பது?

கோடை நடுவில் ஒரு காலை அவரே எடுத்தார். அவர் பேசுவதற்கு முன்னால் பின்னணியில் ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய் பொரிகிற சத்தம். ஒரு இடத்தில் சீராக, இன்னொரு இடத்தில் விட்டுவிட்டு, வேறோரிடத்தில் குச்சி ஒட்டிக்கொண்டு யாரோ இழுத்துப் பறிக்கிற சத்தம்.

"என்ன எரிக்கிறீர்கள்?" என்றேன்.

"சொத்தை," என்றார்.

களஞ்சியக்காரரின் மகள் அவருடைய வகுப்பில் படிக்கிறாள். களஞ்சியக்காரர் பெட்டிகளைத் தூசி தட்டவென்று பூட்டின் திறப்பை மரியாமாவிடம் கொடுத்துவிட்டு, பின்னேரங்களில் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார். தேநீர் குடிக்க அவருக்கு நிறைய நேரம் எடுக்கிறதாம்.

"எண்ண வருவார்களே. வந்தால் வேலை போகும், அம்மா. உங்களுக்கு விசரா?"

அவர் சிரித்தார். வெல்டிங் செய்யும்போது குச்சி முழுவதும் எரிவதில்லை. பிடியில் கவ்விய அடிக்கட்டை, விரல் நீளத்துக்கு, மிஞ்சும். உலகம் முழுக்க வெல்டர்கள் அதை நிலத்தில் எறிவார்கள். மரியாமாவின் வகுப்பில் ஒருவரும் எறிவதில்லை. ஒவ்வொரு கட்டையையும் பொறுக்கி, துடைத்து, அது வந்த பெட்டிக்குள்ளேயே திருப்பி அடுக்குகிறார்கள். பெட்டியை மூடி, வெள்ளை இலக்கம் வெளியே தெரிய வைத்துவிடுகிறார்கள்.

"முழுக் குச்சி எவ்வளவு நீளம் என்றே அவர்களுக்குத் தெரியாது, நிறையும் பார்ப்பதில்லை," என்றார். "எத்தனை பெட்டி, பெட்டிக்குள் எத்தனை துண்டு, அவ்வளவுதான். எண்ணிக்கை சரியாக இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. ஓர் ஆசிரியை தன் வேலையைத் தன் வகுப்பில் செய்வதற்குத் திருட வேண்டியிருக்கிறது. இரும்பு ஒட்டப் படிக்க வந்த பிள்ளைகள் முதலில் படிப்பது களவை மறைப்பது எப்படி என்று. அந்த அரசாங்கம் தொழிற்கல்விக்குச் செலவழித்ததாகக் கணக்குக் காட்டுகிற அத்தனையிலும், உண்மையான படிப்பு நடந்தது பூட்டைத் திறந்த அந்தப் பின்னேரங்களில் மட்டும்தான்.

புரட்டாதியில் துறைமுகக் கொம்பனி வந்தது. பிள்ளைகள் தகடு ஒட்டினார்கள். வளைத்துப் பார்த்தார்கள். சிலருடையது வெடித்தது, அநேகமானவர்களுடையது வெடிக்கவில்லை. களஞ்சியக்காரரின் மகளுக்கும் வேலை கிடைத்தது. மரியாமா அதைச் சொல்லும்போது அழுதார். நானும்தான். வதனா பார்த்துவிட்டாள், அதனால் மறைக்க முடியாது.

அந்த மாதமே எண்ணுகிறவர்களும் வந்தார்கள். பெட்டிகளைத் திறந்து எண்ணினார்கள். ஒன்றும் குறையவில்லை.

இத்தோடு முடித்திருந்தால் இது சந்தோஷமான கதை. போன சனிக்கிழமை ரகு தொலைபேசி எடுத்தான். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"அத்தான், பெரிய ஓடர் ஒண்டு வந்திருக்கு. அந்த நாட்டிலை எல்லாக் கல்லூரிக்கும் சிமுலேற்றர் வேணுமாம்."

"நல்லது," என்றேன். "குச்சியும் சேத்துத்தானே அனுப்பிறாய்?"

"இல்லை, அத்தான். இந்தமுறை ரொட் வேண்டாமாம். எண்ணிப் பாத்தவையாம், போனமுறை அனுப்பினதிலை ஒண்டுகூடக் குறையேல்லையாம். ஒரு ரொட்டும் எரிக்காமல், மிசினிலை மட்டும் பழகியே பிள்ளையள் துறைமுகத்திலை பாஸ் பண்ணிப்போட்டுதுகள் எண்டு அமைச்சர் பாராளுமன்றத்திலை சொன்னவராம்."

உண்மையைச் சொன்னால் மரியாமாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த நாட்டில் ஒரு கல்லூரிக்கும் இனிக் குச்சி போகாது. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அத்தான், லைனிலை நிக்கிறியளோ?" என்றான் ரகு.

"ஓம். நிக்கிறன்."